44-க்கும் 51-க்கும் நடுவே ஒரு செஸ்னா

ராஜபாளையம் மில்காரர்களுக்கு பவுண்டுக் கணக்கு புதிதல்ல. 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் நாற்பது. நீட்டிப் பார்த்தால் 33,600 கஜம். கம்ப்யூட்டரில் ஒரு செஸ்னா 172-ஐப் பழுதுபார்க்க உட்கார்ந்தபோது எனக்குக் கைகொடுத்தது இந்த ஊர்க் கணக்குதான். அந்த விமானமும் பவுண்டு, அடி, அங்குலம், காலன் என்றே பேசுகிறது.

ஃபிளைட்கியர் என்பது இலவசமாகக் கிடைக்கும், யாரும் திறந்து திருத்தக்கூடிய பறத்தல் சிமுலேட்டர். அதில் ஒரு விமானம் என்பது இரண்டு சமாச்சாரம்: கண்ணுக்குத் தெரியும் கூடு ஒன்று, அது எப்படிப் பறக்கவேண்டும் என்று சொல்லும் எண் பட்டியல் ஒன்று. கூடு மீட்டரில் இருக்கும். ஜேஎஸ்பிசிம் என்ற கணக்கு நிரல் படிக்கும் பட்டியலில் சக்கரம், எரிபொருள் தொட்டி எல்லாம் அங்குலத்தில் இருக்கும். ஒரு அங்குலம் 0.0254 மீட்டர். இரண்டின் தொடக்கப் புள்ளியும் ஆறு அங்குலம் விலகிப்போனால் 15 சென்டிமீட்டர் பிசகு. சக்கரம் மதுரை ஓடுபாதைக்குள் புதைந்து நிற்கும். எனக்கு நின்றது. திருத்தியது ஒரே ஒரு எண். அதைத் தேடத்தான் இரண்டு ராத்திரி.

செஸ்னாவின் 172பி (172P) ரகத்தின் பேரேடு இது: நிறை எடை 2,400 பவுண்டு, இறக்கைப் பரப்பு 174 சதுர அடி, என்ஜின் 160 குதிரைசக்தி. பயன்படும் எரிபொருள் 40 காலன். காலனுக்கு 6 பவுண்டு வைத்தால் 240 பவுண்டு. பவுண்டு கேட்கும் இடத்தில் யாராவது லிட்டரில் 151 என்று போட்டுவிட்டால் 89 பவுண்டு காணாமல் போகும். விமானம் குஷியாக ஏறும். பாதி வழியில் என்ஜின் நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய பொறி ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தாங்குவதை விட்டுவிடும் வேகம். இறக்கையின் பின்மடலான ஃபிளாப்பை இறக்காதபோது விமானியின் வேகமானி 44 நாட், அதாவது மணிக்கு 44 கடல் மைல், காட்டும். ஆனால் மூக்கு அவ்வளவு தூக்கிய நிலையில் காற்றழுத்தக் குழாய் சரியாக அளக்காது. பிழை நீக்கிய வேகம் 51 நாட். கையேட்டில் இரண்டும் இருக்கிறது. எண் பட்டியலுக்குப் போகவேண்டியது 51. அதைப் போட்டுக் கணக்கிட்டால் இறக்கையின் உச்சத் தாங்குதிறன் கெழு ஏறக்குறைய 1.57 வரும். 44-ஐப் போட்டால் 2.1. தாங்குதிறன் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் ஏழு நாட் வித்தியாசம் 34 சதவீதமாக ஊதிவிடுகிறது. ஃபிளாப் இல்லாத சாதாரண இறக்கைக்கு 2.1 என்பது வரன் தேடும் விளம்பரத்தில் போடும் சம்பளம் மாதிரி.

என் சோதனைத் தடம் மதுரை விமான நிலையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். நேர்கோட்டில் சுமார் 33 கடல் மைல். 110 நாட்டில் 18 நிமிடம். ஜேஎஸ்பிசிம் வழக்கமாக நொடிக்கு 120 முறை கணக்குப் போடும். போய்ச் சேர்வதற்குள் 1,29,600 முறை. நிஜ விமானமானால் மணிக்கு 30 லிட்டர் வைத்து 9 லிட்டர் எரிபொருள்.

போய்ச் சேர்ந்தால் கோபுரம் இல்லை! பதினொரு நிலை, 192 அடி ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் அங்கே வெறும் தரை. சிமுலேட்டரின் பல நிலப்பரப்புகளுக்கு மூலம் 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் எடுத்த உயர அளவுகள். 90 மீட்டர் கட்டத்துக்கு ஒரே உயரம். ஒரு கட்டத்துக்குள் கோபுரமே அடங்கிவிடும். தனியாகத்தான் கட்டவேண்டும். நிலைக்கு நான்கு முகம், முகத்துக்கு இரண்டு முக்கோணம். 11 நிலைக்கு 88. சிற்பங்களுக்குப் புகைப்படத்தையே ஒட்டிவிடலாம். 1,024-க்கு 1,024 புள்ளிப் படம் சுருக்காமல் 4 எம்பி. 4,096-க்கு 4,096 என்று ஆசைப்பட்டால் 64 எம்பி. பழைய லேப்டாப் திணறும். ஆயிரம் அடி உயரத்தில் பறப்பவருக்கு 4 போதும்.

செலவு? மென்பொருள் 0 ரூபாய். ஜாய்ஸ்டிக் மூவாயிரத்துச் சொச்சம். 65 வாட் லேப்டாப், தினம் மூன்று மணி நேரம், 60 நாள்: 11.7 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டில் திட்டு தனிக்கணக்கு.

சிமுலேட்டரில் நம் நாட்டு ஹன்சா விமானத்தைக் கட்டலாமே என்பார்கள். பெங்களூரு விமான ஆய்வகமான என்ஏஎல் உருவாக்கிய அதன் புதிய வடிவம் 2021 செப்டம்பர் 3-ல் முதலில் பறந்தது. 2022-ல் புதுச்சேரிக்கு வந்து கடல்மட்டச் சோதனையும் முடித்தது. கூட்டைப் படம் பார்த்து வரைந்துவிடலாம். 44-ஆ 51-ஆ என்று சொல்ல, செஸ்னாவுக்கு இருப்பதுபோல் கையேடு மேசைமேல் வேண்டும்.

கடைசியாக வெயில். 15 டிகிரியில் கடல்மட்டத்தில் 172பி நிமிடத்துக்கு 700 அடி ஏறும். மதுரை ஓடுபாதை இருப்பது சுமார் 460 அடி உயரத்தில். 38 டிகிரியில் காற்று மெலிந்து, விமானத்துக்கு அது 3,300 அடி மாதிரி. ஏற்றம் 550 பக்கம் இறங்கும். ராஜபாளையத்துக்கு மேற்கே மலை உயர்ந்து நிற்கிறது. ஆயிரம் அடியிலிருந்து 6,500 அடிக்கு ஏற, 15 டிகிரி நாளில் சுமார் 24 கிலோமீட்டர் வேண்டும், சித்திரையில் 31. சிமுலேட்டரில் கிளம்புமுன் வெப்பநிலையை 38 என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்பே ஏறத் தொடங்குங்கள்.