நடுநிலைப் பள்ளி வாசிப்புப் பாடங்களும் பாலியல் அடையாளமும்: அமெரிக்க விவாதம்

அமெரிக்காவில் பெரும்பாலும் 6 முதல் 8 வரையிலான வகுப்புகள் நடுநிலைப் பள்ளி எனப்படுகின்றன. 11 முதல் 14 வயது வரையிலான இம்மாணவர்களுக்குப் படிக்கத் தரப்படும் கதைகளில் தன்பாலீர்ப்பு, திருநர் அடையாளம் போன்றவை இடம்பெறலாமா என்பது அந்நாட்டில் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் தலையிடும் சிக்கலாக வளர்ந்துள்ளது.

இதைப் பாலியல் கல்வி பற்றிய விவாதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பாலியல் கல்வி பொதுவாக உடல்நலப் பாடத்தில் வருவது; பல மாநிலங்களில் பெற்றோர் விரும்பினால் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். மொழிப் பாடத்தில் தரப்படும் கதை அப்படியல்ல. எல்லோரும் அதைப் படிக்க வேண்டும், அதைப் பற்றி எழுத வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஒரு நூல் நூலகத்தில் இருப்பதைப் பொருட்படுத்தாத பெற்றோர்கூட அதையே வகுப்பில் கட்டாயமாக்கும்போது எதிர்ப்பது இதனால்தான். அந்த எதிர்ப்பை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

எது 'பாலியல் அடையாளம் பற்றிய நூல்' என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆன் பிராங்கின் நாட்குறிப்பு 8ஆம் வகுப்பில் பரவலாகப் படிக்கப்படும் நூல். அது யூத இனப்படுகொலைக் காலத்தின் ஆவணம். ஆனால் அதை எழுதியவர் வளரிளம் பருவச் சிறுமி. தன் உடலைப் பற்றியும் ஒரு தோழிமீது எழுந்த ஈர்ப்பைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். 1947இல் டச்சு மொழியில் முதலில் வெளியான பதிப்பில் இத்தகைய சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. 2023இல் டெக்சாஸ் மாநிலத்தில் இந்நாட்குறிப்பின் சித்திர வடிவத்தை 8ஆம் வகுப்பில் வாசிக்கச் செய்த ஆசிரியர் ஒருவர் அவ்வகுப்பிலிருந்தே விலக்கப்பட்டார்.

புளோரிடா மாநிலம் சட்டத்தின் வழியே இதற்கு விடை காண முயன்றது. பாலீர்ப்பு, பாலின அடையாளம் ஆகியவற்றை வகுப்பில் கற்பிப்பதற்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் 3ஆம் வகுப்பு வரை தடை விதித்தது. 2023இல் அத்தடை 8ஆம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்டதால் நடுநிலைப் பள்ளி முழுவதும் அதற்குள் வந்தது. 'கற்பித்தல்' என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. கதையில் இரண்டு தாய்மார் வந்தாலே அது கற்பித்தலாகுமோ என்று அஞ்சிய ஆசிரியர்கள் வகுப்பறை அலமாரிகளிலிருந்து நூல்களை எடுத்துவிட்டனர். 2024 மார்ச்சில் ஒரு வழக்கில் ஏற்பட்ட உடன்பாடு இதைத் தெளிவாக்கியது: கணக்கில் ஆப்பிள்களைக் கூட்டச் சொல்வது எப்படி ஆப்பிள் சாகுபடியைக் கற்பிப்பதாகாதோ, அப்படியே இலக்கியத்தில் தன்பாலீர்ப்பாளர் ஒருவர் இயல்பாக இடம்பெறுவதும் கற்பித்தல் ஆகாது. இந்த எளிய விளக்கம் சட்டத்திலேயே இருந்திருக்க வேண்டியது.

மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி மாவட்டத்தில் நடந்தது வேறு. அங்கே தொடக்கப் பள்ளி மொழிப் பாடத்தில் இத்தகைய கதைநூல்கள் சேர்க்கப்பட்டன. பிள்ளைகளை விலக்கிக்கொள்ள முதலில் தரப்பட்ட அனுமதி 2023இல் திரும்பப் பெறப்பட்டது. இசுலாமிய, கிறித்தவப் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 'மஹ்மூத் எதிர் டெய்லர்' எனப்படும் இவ்வழக்கில், வழக்கு முடியும்வரை பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவித்து, பிள்ளைகளை விலக்கிக்கொள்ள இடம்தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 27 சூன் 2025 அன்று 6–3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர், இதனால் பள்ளிகளில் பெருங்குழப்பம் நேரும் என்றார்.

படக்கதையை ஒரே அமர்வில் வாசித்து முடிக்கலாம். அதுவரை ஒரு பிள்ளை வேறு அறையில் இருக்கலாம். நடுநிலைப் பள்ளியில் ஒரு நாவலை வாரக்கணக்கில் படிக்கிறார்கள். விலகும் மாணவருக்கு வேறு நூலும் வேறு தேர்வும் வேண்டும். அந்தச் சுமையைத் தவிர்க்க எண்ணும் ஆசிரியர், யாரும் எதிர்க்காத நூலையே எடுத்துக்கொள்வார். அப்போது தடைச் சட்டம் இல்லாத மாநிலத்திலும், ஒரே பாலினப் பெற்றோரிடம் வளரும் பிள்ளை தன் குடும்பத்தைப் போன்ற ஒன்றைப் பாடத்தில் காண முடியாமல் போகும்.