25% தள்ளுபடியில் 70 ரூபாய் லாபம்

நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மதியம் தி.நகரில் ஓர் ஏ.சி. உணவகத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். செயலியில் ‘25% தள்ளுபடி’ என்று பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சாப்பிட்டது 2,000 ரூபாய்க்கு. பில்லில் அதற்குக் கீழே 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், 200 ரூபாய். இரண்டையும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி, 110. மொத்தம் 2,310. செயலியைத் திறந்து பணம் கட்டப் போனால், 25 சதவீதத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ‘அதிகபட்சம் 300 ரூபாய்’ என்று இருக்கிறது. 577 கழியும் என்று நினைத்த இடத்தில் 300தான் கழிகிறது. செயலிக்கான கட்டணம் என்று 20 ரூபாய் ஏறுகிறது. கடைசியில் கட்டியது 2,030.

அந்த சர்வீஸ் சார்ஜ் மட்டும் இல்லாதிருந்தால், எந்தச் செயலியும் இல்லாமலே அவர்கள் 2,100 கட்டிவிட்டு எழுந்திருப்பார்கள். ஆக, உண்மையான லாபம் 70 ரூபாய். திரையிலோ ‘300 ரூபாய் மிச்சப்படுத்திவிட்டீர்கள்’ என்று வண்ணக் காகிதம் பறக்கும்.

ஸ்விக்கி டைன்அவுட், ஸொமேட்டோ குழுமத்தின் டிஸ்ட்ரிக்ட், ஈஸிடைனர் போன்ற செயலிகளால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொல்லிவிட்டு அதே சலுகையைப் பயன்படுத்தியிருந்தால் அந்தக் குடும்பம் 1,820 ரூபாயோடு முடித்திருக்கும். வரிசைதான் முக்கியம்: முதலில் பில்லைச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் செயலியைத் திறக்க வேண்டும். செயலியில் தொகையை அடித்துக் கட்டிய பிறகு பில்லைத் திருத்தச் சொன்னால் மேனேஜர் கையை விரிப்பார்.

சர்வீஸ் சார்ஜ் அரசு வரி அல்ல. அதைப் பில்லில் தானாகச் சேர்க்கவோ கட்டாயப்படுத்தவோ கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயிருக்கின்றன. வாடிக்கையாளர் செய்ய வேண்டியது எளிது. “சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் குடுங்க” என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். அதுதான் அவருக்கு நிச்சயமாகப் போய்ச் சேரும்.

வரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உணவகமே பில்லில் தள்ளுபடியைக் காட்டினால், குறைந்த தொகைக்குத்தான் ஜிஎஸ்டி வரும். பில் போட்ட பிறகு செயலி கழித்தால், முழுத் தொகைக்கும் வரி ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். இந்தச் சலுகைகளின் சுமையில் பெரும்பகுதி உணவகத்தின் தலையில்தான் விழுகிறது. அதற்கு மேல் செயலிக்குக் கமிஷனும் கொடுக்க வேண்டும். அதனால் அடிக்கடி போகும் கடையில் கல்லாவில் இருப்பவரிடம் நேராகவே கேட்டுப் பார்க்கலாம். செயலிக்குப் போகும் பணத்தில் பாதியை உங்களுக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் இருக்கும்.

முன்பணம் கட்டி உறுப்பினராகும் திட்டங்களில் ஜாக்கிரதை தேவை. 2017இல் வந்த ஸொமேட்டோ கோல்டு நல்ல உதாரணம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2019 ஆகஸ்டில், நஷ்டம் தாங்கவில்லை என்று உணவகங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறின. உடனே, ஒரு நாளைக்கு ஒரு முறைதான், ஒரு மேசைக்கு இரண்டு பேர்தான் என்று விதிகள் மாறின. ஏற்கெனவே சந்தா கட்டியிருந்தவர்களுக்கும் அதே கதிதான். அடுத்த ஆண்டு ‘ப்ரோ’ என்று பெயர் மாறி, 2023இல் மறுபடி ‘கோல்டு’ ஆனது. ஆகவே ஓராண்டுச் சந்தாவைவிட மூன்று மாதச் சந்தா மேல். அதிலும் நீங்கள் எப்படியும் போகக்கூடிய கடைகள் பட்டியலில் இருந்தால் மட்டும் கட்டுங்கள்.

‘முதல் மாதம் இலவசம்’ என்றால் பின்னாலேயே ஆட்டோபே வரும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை நீங்களே ரத்து செய்யலாம். சேர்வது ஒரு தட்டலில், விலகுவது தலைசுற்றலில் என்று அமைத்தால் அதுவே தவறு. கேட்காமல் நன்கொடையைச் சேர்ப்பது, கடைசிப் படியில் கட்டணத்தை நுழைப்பது ஆகியவற்றோடு இந்தச் சந்தாப் பொறியையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது.

கிரெடிட் கார்டு பாயிண்ட் கதை சிறியது. பல அட்டைகளில் ஒரு பாயிண்ட் 20, 25 காசுதான் பெறும். ‘5,000 பாயிண்ட்’ என்றதும் வாய் பிளக்க வேண்டாம்.

“அந்த ஆஃபர் நேத்தோட முடிஞ்சிடுச்சு சார்” என்று சாப்பிட்ட பிறகு சொல்வதுதான் அதிகம் எரிச்சலூட்டுவது. ஆர்டர் கொடுக்கும் முன்பே சலுகையை நிபந்தனைகளோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேனேஜரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பஃபேவுக்கு உண்டா, வார இறுதியில் உண்டா, மேசை முன்பதிவுக்குக் கட்டிய பணம் பில்லில் கழியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். கணக்கிலிருந்து பணம் போய், கடைக்கு வரவில்லை என்றால், இன்னொரு முறை கட்ட அவசரப்படாதீர்கள். 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் காட்டுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தப் பணம் ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

செயலியின் வாடிக்கையாளர் எண்ணை மட்டும் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. ‘உங்கள் பாயிண்ட் இன்றிரவு காலாவதி’ என்ற குறுஞ்செய்தியும், ‘ஒரு தாலி வாங்கினால் இன்னொன்று இலவசம்’ என்ற முகநூல் விளம்பரமும் கடைசியில் ஓர் ஏபிகே கோப்பை இறக்கச் சொல்லும், அல்லது ஓடிபி கேட்கும். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும்.

மற்றத் தகராறுகளுக்கு முதலில் செயலிக்குள்ளேயே குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட்டால் போதும். கோவையில் சாப்பிட்ட பில்லுக்காகக் கோவைக்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தபடியும் செய்யலாம். பில், ஸ்க்ரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, செயலியின் பதில் ஆகிய நான்கையும் இணைக்க வேண்டும்.