கல்லூரி மாணவர்களின் உணவுப் பழக்கம்: மாணவரும் பெற்றோரும் அறிய வேண்டியவை

கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து பயிலும் மாணவி, காலையில் முதல் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அந்நேரத்தில் வீட்டில் சமையல் முடிந்திருக்காது. தேநீர் மட்டும் அருந்திவிட்டுப் புறப்படுகிறார். இடைவேளையில் பப்ஸ் அல்லது பஜ்ஜி. வயிறு நிறைய உண்பது மாலையில் வீடு திரும்பிய பின்னரே. சில மாதங்களில் சோர்வும் தலைசுற்றலும் தொடங்குகின்றன. “பிள்ளை சொன்னால் கேட்பதில்லை” எனப் பெற்றோர் வருந்துகின்றனர். ஆனால் பெரும்பாலும் இது பிடிவாதம் அன்று. நேரம், பணம், நட்பு வட்டம், தங்குமிடம் ஆகியவையே இளைஞர்களின் உணவைத் தீர்மானிக்கின்றன. எனவே தீர்வும் அவற்றிற்குப் பொருந்துவதாக அமைய வேண்டும்.

பழக்கம் மாறுவதற்கான காரணங்கள்

அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவும் முட்டையும் கிடைக்கின்றன. கல்லூரியில் அந்த ஏற்பாடு இல்லை. எதை, எப்போது உண்பது என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. கையில் உள்ள சிறு தொகைக்கு எண்ணெயில் பொரித்த பண்டமே எளிதில் கிடைக்கிறது. கேழ்வரகுக் களியோ சாமைச் சோறோ கொண்டுவந்தால் நண்பர்கள் கேலி செய்வார்கள் எனச் சிலர் கூச்சப்படுகின்றனர். இரவு நெடுநேரம் கைபேசி பார்த்துத் தாமதமாக உண்பவர்களுக்குக் காலையில் பசி எடுப்பதில்லை. உடல் மெலிய வேண்டும் என்று உணவைத் தவிர்ப்போரும், உடல் திரள வேண்டும் என்று ஆலோசனையின்றிப் புரத மாவு உட்கொள்வோரும் உண்டு.

உடலில் ஏற்படும் பாதிப்புகள்

இரும்புச்சத்துக் குறைவால் ஏற்படும் இரத்தசோகை முதன்மையானது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகையாகும். இதனால் மூளைக்கும் தசைகளுக்கும் போதிய ஆக்சிஜன் சேராமல் சோர்வும் கவனக்குறைவும் உண்டாகின்றன.

மறுபுறம், அதே ஆய்வில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் கூடுதல் எடையுடன் இருந்தனர். மைதா, எண்ணெய், சர்க்கரை மிகுந்த உணவில் ஆற்றல் அதிகம், சத்து குறைவு. 250 மில்லி கோலா பானத்தில் ஐந்து தேக்கரண்டிக்கும் மேல் சர்க்கரை உள்ளது. எடை கூடுவதும் இரத்தசோகையும் ஒருவருக்கே ஒருசேர ஏற்படக்கூடும்.

செய்யக்கூடியவை

• காலை உணவை முந்தைய நாளே ஆயத்தம் செய்யுங்கள். கேழ்வரகுக் கூழ், மோர் சேர்த்த பழைய சோறு ஆகியவற்றிற்குக் காலையில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது.
• பேருந்தில் உண்ண வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டை கொடுத்தனுப்புங்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏறத்தாழ ஒரு முட்டைக்கு இணையான அளவு புரதம் உண்டு.
• முருங்கைக்கீரை, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றை வாரத்தில் பல நாள்கள் சேர்க்கவும். உடன் நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை உண்டால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும்.
• தேநீர், காபியை உணவுடன் அருந்த வேண்டாம். ஒரு மணி நேர இடைவெளி தேவை.
• புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவர்கள், அதில் ஒரு பகுதியைப் பழம், முட்டை, பயறு வாங்க ஒதுக்கலாம்.
• நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து வீட்டு உணவு கொண்டுவந்து பகிர்ந்து உண்டால் கூச்சம் விலகும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

படியேறும்போது மூச்சிரைப்பு, கண்ணிமையின் உட்புறம் வெளுத்தல், மயக்கம், மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு ஆகியவை இருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளவும். மருத்துவர் அளிக்கும் இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கருமையாவது இயல்பே; அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை நீரிழிவின் அறிகுறிகளாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கவும்.

உணவைத் தொடர்ந்து மறுப்பதும், உண்டபின் தானே வாந்தி எடுப்பதும் மனநலம் சார்ந்தவையாக இருக்கலாம். கண்டிக்காமல் பரிவுடன் பேசி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும். மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.

“ஏன் சாப்பிடவில்லை?” என்று கடிந்துகொள்வதைவிட, “நாளை எத்தனை மணிக்குப் பேருந்து?” என்று முந்தைய இரவே கேட்பது பயனளிக்கும்.