பெர்லினில் ஒரு பிரதட்சிணம்!

நம்ம ஊரில் பஸ்ஸில் ஏறினால் என்ன செய்கிறோம்? எப்படியோ உள்ளே நுழைந்து ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்கிறோம். மற்றதைக் கண்டக்டர் பார்த்துக்கொள்வார். "டிக்கெட், டிக்கெட்" என்று அவரே தேடி வருவார். "சத்திரம் ஒண்ணு" என்றால் கிழித்துக் கொடுப்பார். இடம் தெரியாவிட்டால், "ஸ்டாப் வந்ததும் சொல்லுங்க" என்று அவரிடமே ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக நிற்கலாம்.

இப்படியே பழகிப்போன நான், 2022 ஏப்ரல் மாதம் ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் போய் இறங்கினேன். என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. "அக்கா, நீயாவது வா" என்று அவள் ஃபோனில் அழுததும் மறுக்க மனம் வரவில்லை. பத்திய சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஜெர்மன் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. இங்கிலீஷோ, பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி.

சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் எனக்குக் கைவந்த கலை. நான் பயந்தது வாசலைத் தாண்டுவதற்குத்தான்!

கண்டக்டர் இல்லாத ஊர்

பெர்லினில் நான்கு விதமான வண்டிகள் ஓடுகின்றன. பச்சை வட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் 'எஸ்' என்று போட்டிருந்தால் அது எஸ்-பான். பெரும்பாலும் தரைக்கு மேலே ஓடும் நகர ரயில். நீலச் சதுரத்துக்குள் 'யூ' என்றிருந்தால் ஊ-பான். பெரும்பாலும் சுரங்க ரயில். இது 1902-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. இவை போக டிராம், பஸ். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்தான். ரயிலை விட்டு இறங்கிப் பஸ்ஸில் ஏறினாலும் வேறு டிக்கெட் வேண்டாம். சாதாரண டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். ஆனால் ஒரே திசையில்தான் போகலாம். அதிலேயே திரும்பி வர முடியாது.

ஊரை மூன்று வளையமாகப் பிரித்திருக்கிறார்கள். நடு ஊர் 'ஏ', அதைச் சுற்றி நகர எல்லை வரை 'பி', அதற்கு வெளியே 'சி'. ஊருக்குள் சுற்ற ஏபி டிக்கெட் போதும். 2020-ல் திறந்த புது விமான நிலையம் 'சி'யில் இருப்பதால், வந்து இறங்கும் அன்றைக்கும் ஊர் திரும்பும் அன்றைக்கும் ஏபிசி டிக்கெட் வாங்க வேண்டும்.

ஸ்டேஷனில் தடுப்புக் கதவு கிடையாது. டிக்கெட் கேட்க வாசலில் ஆள் கிடையாது. வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நேரே போய் ரயிலில் ஏறிக்கொள்ளலாம். எனக்கு ஒரே ஆச்சரியம். "அப்போ டிக்கெட் வாங்காம போனா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். தங்கை சிரித்தாள். "தெரியும்போது தெரியும் அக்கா!"

60 யூரோ பாடம்

தங்கை வீடு நொய்க்கோல்ன் என்ற பகுதியில். வந்த முதல் வாரமே, வீட்டில் பூண்டும் இஞ்சியும் தீர்ந்துபோயின. மூன்று ஸ்டேஷன் தள்ளி, ஹெர்மன்பிளாட்ஸ் பக்கத்தில் நம் சாமான்கள் கிடைக்கும் கடை இருந்தது. மெஷினில் எப்படி டிக்கெட் எடுப்பது என்று தங்கை கணவர் முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். மெஷினில் இங்கிலீஷும் உண்டு. 3 யூரோ போட்டதும் டிக்கெட் விழுந்தது. ஏதோ சாதித்துவிட்ட பெருமை! டிக்கெட்டைப் பத்திரமாக மடித்து, பர்ஸில் சாமி படத்தோடு வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஸ்டேஷன் தாண்டியதும், பக்கத்தில் நின்றிருந்த இருவர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்கள். சீருடை இல்லை. பார்த்தால் நம்மைப் போலப் பயணிகள்தான். நான் பெருமையாக டிக்கெட்டை நீட்டினேன். அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

விஷயம் இதுதான். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. பிளாட்பாரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் டிக்கெட்டை நுழைத்தால் தேதியும் நேரமும் அச்சாகும். அந்த முத்திரை விழுந்த நிமிஷத்திலிருந்துதான் அது டிக்கெட். அதுவரை வெறும் காகிதம். முத்திரை இல்லாத டிக்கெட்டை மறுநாளும் உபயோகிக்கலாம் அல்லவா? அதனால்தான் இந்த ஏற்பாடு. பஸ்ஸிலும் டிராமிலும் இந்தப் பெட்டி வண்டிக்குள்ளேயே இருக்கும்.

அபராதம் 60 யூரோ! அன்றைய கணக்கில் நம் பணம் கிட்டத்தட்ட 5,000 ரூபாய். அவர்கள் அதட்டவில்லை, மிரட்டவில்லை. சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அத்தனை பேர் நடுவில் திருட்டுப் பயணம் செய்தவள் மாதிரி நின்றேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. இஞ்சியும் வாங்கவில்லை, பூண்டும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, குழந்தைத் துணிகளை மடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். "இனி இந்த ஊரில் தனியாக வெளியே போக மாட்டேன்" என்று சபதமும் செய்துகொண்டேன்.

மாட்டேன் என்றால் முடியுமா?

தங்கைக்குச் சிசேரியன். குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள், மாலை நாலு மணிக்கு ஃபோன் மணி அடித்தது. தங்கை கணவர்தான். ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். மூத்தவளை அழைத்துவர அவரால் வர முடியாது. அவளுக்கு நாலு வயது. டெம்பல்ஹோஃப் பக்கத்தில் 'கீட்டா'வில் விட்டிருந்தார்கள். சின்னக் குழந்தைகளின் பள்ளிக்கு அங்கே அப்படிப் பேர். ஐந்து மணிக்குள் அழைத்து வந்துவிட வேண்டும். யார் யார் வந்தால் குழந்தையை அனுப்பலாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள், நல்லவேளை.

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நானே போறேன் அக்கா."

"தையல் இன்னும் சரியா ஆறலை. நீ எங்கேயும் போக வேண்டாம். படு" என்றேன். சபதமாவது ஒன்றாவது! பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

இந்தத் தடவை 24 மணி நேர டிக்கெட்டாக எடுத்தேன். அதில் எத்தனை தடவை வேண்டுமானாலும், எந்தத் திசையிலும் போகலாம். பெட்டியில் முத்திரை குத்தி, இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

நொய்க்கோல்னிலிருந்து டெம்பல்ஹோஃப் இரண்டே ஸ்டேஷன். "வண்டியின் நெற்றியில் கடைசி ஸ்டேஷன் பேர் இருக்கும். அதைப் பார்த்து ஏறுங்கள்" என்பது எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். ஆனால் வந்து நின்ற வண்டியில் கடைசி ஸ்டேஷன் பேரே இல்லை. 'ரிங்' என்று மட்டும் போட்டிருந்தது. ஒரே பிளாட்பாரம், இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி. இரண்டும் ரிங்! முதலில் வந்ததில் ஏறிவிட்டேன். அதிலும் கதவு தானாகத் திறக்கும் என்று காத்து நின்றேன். பின்னால் வந்த பையன்தான் பட்டனை அமுக்கித் திறந்தான்.

ஒரு ஸ்டேஷன் போயிற்று. இரண்டு போயிற்று. திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பெரிய ஆறு! தங்கை கணவரோடு ஒரு தடவை போனபோது வழியில் ஆறு எதுவும் இல்லையே! வயிற்றைப் பிசைந்தது. கடிகாரம் நாலே கால் தாண்டிவிட்டது. எல்லாரும் போன பிறகு தனியாகப் பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை முகம் கண் முன்னால் வந்தது.

அடுத்து வந்த ஓஸ்ட்க்ரொய்ட்ஸ் ஸ்டேஷனில் இறங்கினேன். பெஞ்சில் ஒரு வயதான அம்மாள் இருந்தார். அப்போது ரயிலில் முகக்கவசம் கட்டாயம். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. என் முகமும் அவருக்குத் தெரியாது, அவர் முகமும் எனக்குத் தெரியாது. "டெம்பல்ஹோஃப், டெம்பல்ஹோஃப்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். முள் சுற்றும் பக்கமாக விரலால் ஒரு வட்டம் போட்டு, "ஐன்உண்ட்ஃபியர்ட்ஸிக்" என்றார். பிறகு எதிர்ப்பக்கமாக வட்டம் போட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினார். எனக்குப் புரியவில்லையோ என்று, பையிலிருந்து பேனா எடுத்து டிக்கெட்டை வைத்திருந்த உறையின் மேல் '41' என்று எழுதினார்.

சட்டென்று விளங்கிவிட்டது. அட, இது பிரதட்சிணம்!

அந்த ரயில் ஊரின் நடுப்பகுதியைக் கோயில் பிராகாரம் மாதிரி வட்டமாகச் சுற்றி வருகிறது. சுமார் 37 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன்கள், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். எஸ்-41 பிரதட்சிணமாகப் போகும்; எஸ்-42 அப்பிரதட்சிணமாக வரும். வட்டத்துக்கு ஏது கடைசி ஸ்டேஷன்? அதனால்தான் பேர் போடவில்லை. நான் ஏறியது 42. அவசரமில்லாத நாளாக இருந்தால் அதிலேயே உட்கார்ந்து ஊரைச் சுற்றிக்கொண்டும் டெம்பல்ஹோஃப் போய்ச் சேர்ந்திருக்கலாம்!

அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கத்தில் 41 வந்தது. நானே பட்டனை அமுக்கி ஏறினேன். கீட்டாவில் நுழையும்போது மணி நாலு ஐம்பது. பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள். "பெரியம்மா! நீ தனியாவா வந்தே?" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். "ஆமாண்டி கண்ணு" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னபோது எனக்கு வந்த தைரியம் அதற்குப் பிறகு போகவே இல்லை.

தள்ளுவண்டியோடு ஒரு நாள்

தங்கைக்கு உடம்பு தேறியதும், அவளையும் குழந்தைகளையும் நானே வெளியில் அழைத்துப் போனேன். ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம், தள்ளுவண்டிக்கும் இல்லை. பஸ்ஸில் தள்ளுவண்டியை நடுக் கதவு வழியாக ஏற்ற வேண்டும். அங்கே வண்டி நிறுத்தத் தனி இடம் உண்டு. நிறுத்தியதும் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு, கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் கிடையாது. இருந்தாலும் சில நாள் பழுதாகியிருக்கும். சிசேரியன் ஆனவர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறவே கூடாது. பக்கத்து ஸ்டேஷனுக்கோ பஸ்ஸுக்கோ போய்விடுவதுதான் நல்லது.

100-ம் நம்பர் மாடி பஸ்ஸில் போனோம். பெர்லினைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த சுவர் 1989-ல் திறந்த பிறகு, 1990-ல் இரு பக்கத்தையும் இணைத்து ஓடத் தொடங்கிய பஸ் இது. மிருகக்காட்சி சாலை பக்கத்திலிருந்து பாராளுமன்றக் கட்டடம் வழியாக அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வரை போகும். சாதாரண டிக்கெட்டில் ஊரின் முக்கிய இடங்களையெல்லாம் பார்த்துவிடலாம்.

அந்தச் சுவர் 1961-ல் எழுந்தபோது, நான் தப்பாக ஏறினேனே, அந்த வட்ட ரயில் பாதையையும் அது துண்டித்துவிட்டது. மேற்கிலிருந்து புறப்பட்ட சில சுரங்க ரயில்கள் கிழக்குப் பகுதிக்கு அடியில், மூடிக் கிடந்த ஸ்டேஷன்களில் நிற்காமல் போகுமாம். 'பேய் ஸ்டேஷன்கள்' என்று பேர். வட்டம் மறுபடி முழுசாகச் சேர்ந்தது 2002-ல்தான். ஒரு சாயங்காலம் திசை தப்பியதற்கே எனக்கு அப்படிப் பதறியது. பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா தங்கையைக்கூடப் பார்க்கப் போக முடியாமல் 28 வருஷம் இருந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் போனால்...

பிள்ளைகளைப் பார்க்க ஜெர்மனி போகும் தாய்மார்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காகச் சில குறிப்புகள்:

டிக்கெட்டை வாங்கியதும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏறுவதற்கு முன் பெட்டியில் குத்துங்கள்.

'ரிஷ்டுங்' என்றால் 'போகும் திசை'. 'ஆவுஸ்காங்' என்றால் வெளியே போகும் வழி. ஊர்ப் பேர் அல்ல! 'ஆவுஃப்ட்சூக்' என்றால் லிஃப்ட். இந்த மூன்றும் போதும்.

"ட்சுரூக்ப்ளைபன் பிட்டே" என்று குரல் கேட்டால் கதவு மூடப் போகிறது என்று அர்த்தம். ஓடிப் போய் ஏறாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்த வண்டி வந்துவிடும்.

அதிக நாள் தங்கினால், 2023 மே மாதம் வந்த ஜெர்மனி டிக்கெட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். தொடங்கியபோது மாதம் 49 யூரோ, பிறகு ஏற்றிவிட்டார்கள். நாடு முழுவதும் நகர ரயில், பஸ் எல்லாவற்றிலும் போகலாம். தொலைதூர ரயில்களில் செல்லாது. மாதாமாதம் தானாகவே தொடரும் சந்தா அது. வேண்டாம் என்றால் முந்தின மாதம் 10-ம் தேதிக்குள் நிறுத்திவிட வேண்டும்.

வீட்டு விலாசத்தையும் ஸ்டேஷன் பேரையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். ஃபோனில் சார்ஜ் போனாலும் சீட்டு இருக்கும்.

நான் மே மாதக் கடைசியில் ஊர் திரும்பினேன். ஜூன் முதல் மூன்று மாதத்துக்கு, மாதம் 9 யூரோவில் நாடு பூராவும் சுற்றலாம் என்று ஜெர்மன் அரசாங்கம் சலுகை கொடுத்தது. என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்!

அந்த அம்மாள் '41' என்று எழுதிக் கொடுத்த உறையை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. பர்ஸில் சாமி படத்தோடு பத்திரமாக இருக்கிறது. இப்போதெல்லாம் எங்கள் ஊர்க் கோயிலில் பிரதட்சிணம் வரும்போது, பெயர் தெரியாத அவருக்காகவும் ஒரு சுற்றுச் சேர்த்துச் சுற்றுகிறேன்.