நீலகிரியும் அரிவாளணு மரபும்

ஹீமோகுளோபினில் ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றிவிடும் மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையின் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, ஆயுள் முழுவதும் வேதனை தரும் வியாதியை விளைவிக்க, அதனை ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தையோ பெரும்பாலும் நலமாக வாழ்வதோடு மலேரியாவின் கொடுமையினின்றும் பெரிதும் காக்கப்படுகின்றது. துன்பம் தரும் இம்மரபணு ஜனசமூகத்தில் அழியாது நிலைத்ததன் ரகசியம் இதுவே என்று 1954-இல் ஆய்வாளர் ஆலிசன் ஆப்பிரிக்காவில் கண்டறிந்தார். அதற்கு முன்பே, 1952-இல், ஆய்வாளர்களான லேமானும் கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாளணு மரபைக் கண்டிருந்தனர். முன்னோரைக் காத்த இம்மரபை எக்குலத்துக்கும் இழுக்கென்று கருதுவது பெரும்பிழை. பெற்றோர் இருவரும் இதனைத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு மகவுக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆதலின் விவாகத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.