பொறுக்கியவரின் ஊர்

குப்பையில் கிடந்தவை – 9

அரிசியில் கல் பொறுக்குகிறவரை யாரும் ஏசுவதில்லை. தெருவில் கிடப்பதைப் பொறுக்கினால் மட்டும் அது வசவாகிவிடுகிறது. இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே பொறுக்கியவர்.

பெயர் நேக் சந்த். 1924-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையில் ஊர் அந்தப் பக்கம் நின்றுவிட, குடும்பம் இந்தப் பக்கம் வந்தது. 1950-களில் சண்டிகர் எழும்பிக்கொண்டிருந்தபோது, பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை கிடைத்தது. கட்டடக் கலைஞர் லெ கார்புசியே காகிதத்தில் நேர்கோடு நேர்கோடாக நகரத்தை வரைந்தார். நகரம் வரவேண்டிய இடத்தில் இருபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் இருந்தன, இடித்துவிட்டார்கள். வீடு போன இடத்தில் என்ன மிஞ்சும்? சட்டி, ஓடு, பீங்கான் தட்டு, வளையல், துருப்பிடித்த சைக்கிள்.

வேலை முடிந்ததும் நேக் சந்த் அவற்றைத் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டுக்குப் போவார். யாரும் எதுவும் கட்டக் கூடாது என்று ஒதுக்கி வைத்த காடு. 1958 வாக்கில் தொடங்கிய வேலை. இரவானால் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில். நம்பிக்கையான சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அங்கே அவர் செய்தவை சிலைகள். சைக்கிள் சட்டமும் கம்பியும் எலும்பு. சிமென்ட்டும் மணலும் சதை. அது காய்வதற்குள் அழுத்திப் பதித்த வளையல் துண்டுகள்தான் பெண் சிலைகளுக்கு உடை. கிட்டே போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு துண்டிலும் யாரோ ஒருத்தி மணிக்கட்டின் வளைவு இருக்கிறது. சின்ன வயதில் வளையல் துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி வளைத்து மாலை கோத்தவர்களுக்கு அந்த வளைவு சட்டென்று பிடிபடும். முகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. கலை படித்தவர்கள் குறை சொல்லலாம். எனக்கென்னவோ, இடிபட்ட ஊர்களின் சனம் மொத்தமும் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் வரிசையில் நிற்பதுபோலத்தான் இருக்கிறது.

1942-இல் சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை ஆக்கினார் பிக்காசோ. அதைக் கலை என்று ஒப்புக்கொள்வதில் பெரிய சிக்கல் இல்லை. செய்தவர் ஏற்கெனவே பிக்காசோ. நேக் சந்தோ சாலை ஆய்வாளர்.

1975-இல் குட்டு உடைந்தது. அதற்குள் சிலைகள் பல நூறு. சட்டப்படி இடிக்க வேண்டும். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கத் தொடங்கிவிட்டதால் அதிகாரிகளின் கை ஓடவில்லை. மறு வருடமே அரசே 'ராக் கார்டன்' என்று திறந்துவைத்து, சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்தது. 1984-இல் பத்மஸ்ரீ. அதற்குப் பிறகும், 1990 வாக்கில், சாலை போடுகிறேன் என்று புல்டோசர் வந்தது. ஊர்மக்கள் கைகோத்து மறித்தார்கள்.

2015 ஜூன் 12 அன்று, 90 வயதில் அவர் காலமானார்.

சண்டிகர் போனால் ஒரு எச்சரிக்கை. உள்ளே பல வாசல்களை அவர் வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருக்கிறார். குனிந்து போங்கள், தலை இடிக்கும்.