ஒரு குவளைக்கும் மறு குவளைக்கும் இடையே

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்திற்கு முன்னதாக அமைந்திருப்பது படப்பை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலையும் கார்களை உற்பத்தி செய்யத் தொடங்கியதன் பின்னர், இவ்வட்டாரத்தின் பொழுது 'ஷிப்டு' நேரத்தைக் கொண்டே அளக்கப்படுகின்றது. விடியுமுன் பணிக்குச் செல்வோரும், இரவெல்லாம் உழைத்துத் திரும்புவோரும், பேருந்துக்குக் காத்திருக்கும் சில மணித்துளிகளில் நாடுவது ஒரு வாய் காபியையே.

அக்காபியைத் தரும் இடங்களும் மாறி வருகின்றன. பாய்லரும் துணி வடிகட்டியும் இருந்த இடத்தில், சில கடைகளிலும் ஆலை உணவகங்களிலும் எஸ்பிரஸோ பொறி வந்து அமர்ந்துள்ளது. பளபளக்கும் அதன் மேனியைக் கண்டதும், 'இது தூய்மையானது' என நாம் எளிதில் நம்பிவிடுகின்றோம். ஆயின் அதன் உண்மைத் தூய்மையை அறிய, ஒரு குவளை முடிந்து மறு குவளை தொடங்கும் இடைவேளையில் நடப்பதைக் கவனித்தல் வேண்டும். அதைக் குறித்தே ஈண்டுச் சிந்திப்போம்.

விரைவுக்காகப் பிறந்த பொறி

இத்தாலி நாட்டின் தூரின் நகரில், ஆஞ்செலோ மொரியோண்டோ என்பார் 1884-இல் நீராவியால் இயங்கும் காபிப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா, தனித்தனிக் குவளையாக வடித்துத் தரும் பொறியை அமைத்தார். தொழிலாளர் காபிக்காகச் செலவிடும் நேரத்தைக் குறைக்கவே அவர் இதனைச் செய்தார் என்றொரு கதை வழங்குகின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கில்லே கஜ்ஜியாவின் நெம்புகோல் பொறி வந்தபோதுதான், பொன்னிற நுரை மிதக்கும் இன்றைய எஸ்பிரஸோ உருவாயிற்று. பால் நுரை சேர்ந்த 'கப்புச்சினோ' கப்புச்சின் சபைத் துறவியரின் பழுப்பு நிற அங்கியால் பெயர் பெற்றது என்பது நம் வாசகர்க்கு உவப்பளிக்கும் செய்தி. நம் நாட்டுத் திருமண வரவேற்புகளில் நெடுங்காலம் 'எஸ்பிரஸோ' என வழங்கப்பட்டதோ, உடனடிக் காபித் தூள் கலந்த பாலை நீராவியால் பொங்கச் செய்த பானமே.

அழுக்குச் சேரும் வழி

கைப்பிடியுள்ள சிறு கூடையில் காபித் தூளை அழுத்தி நிரப்பிப் பொறியின் வாயில் மாட்டுவர். கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெந்நீர், காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்துடன் அத்தூளின் ஊடே பாயும். 25 முதல் 30 விநாடிகளில் காபி இறங்கிவிடும். காபியின் எண்ணெய்ப் பசையும் உடன் வெளிப்பட்டுக் கூடையிலும் பொறியின் வாயிலும் படிகின்றது. நீக்காவிடில் அது சூட்டில் காய்ந்து, கெட்டு, அடுத்த குவளையில் காறலாக இறங்கும். உயர்ந்த சிக்கமகளூர்க் கொட்டையை அரைத்து இட்டாலும் பயன் இராது.

பாலின் செய்தி இதனினும் கவனத்திற்குரியது. பாலை நுரைக்கும் நீராவிக் குழாயை மூடியதும், உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்கும். அதனால் ஏற்படும் வெற்றிடம் முனையிலுள்ள பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளிப்புறம் துடைத்த குழாயின் உள்ளே பழைய பால் தங்கிவிடும். வெதுவெதுப்பான பாலில் நுண்கிருமிகள் எத்துணை விரைவில் பெருகும் என்பதை, நாள்தோறும் பாலுக்கு உறை ஊற்றும் தாய்மார்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அரை நிமிடப் பணி

செய்ய வேண்டியவை சிலவே. காபி இறங்கியதும் கூடையிலுள்ள மண்டியைத் தட்டிக் கொட்டி, உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். பொறியின் வாயிலிருந்து இரண்டு மூன்று விநாடி வெந்நீரை வெறுமனே ஓடவிட்டால் ஒட்டிய தூள் நீங்கும். பாலை நுரைத்தவுடன் ஈரத்துணியால் குழாயைத் துடைத்து, அதன் முனையைக் கையில் படாதவாறு திருப்பி, ஒருமுறை நீராவியைப் பீறிடச் செய்க. உட்புகுந்த பால் வெளியேறிவிடும். குழாய்க்கு ஒரு துணி, கூடைக்கு ஒரு துணி, மேசைக்கு ஒரு துணி எனத் தனித்தனியே வைத்தல் இன்றியமையாதது. மீந்த பாலின்மேல் புதுப் பாலை ஊற்றி மறுபடியும் சூடேற்றுதல் ஆகாது.

கடையை அடைக்குமுன் கூடைகளையும் பொறியின் வாயையும் அதற்கென விற்கும் தூளால் கழுவி, நன்னீரால் அலசுதல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரைப் பயன்படுத்தினால் பாய்லரில் சுண்ணாம்பு படியும். ஆதலால் நீரை மென்மையாக்கும் வடிகட்டி தேவை.

யாருடைய அரை நிமிடம்?

இப்பொறியின் முன் நிற்பவர் பிழைப்புக்காகத் தொலைவிலிருந்து வந்த இளைஞராக இருக்கலாம். எதிரே இருபது பேர் நிற்கின்றனர். பேருந்து ஒலி எழுப்புகின்றது. முதலாளி 'சீக்கிரம்' என்கின்றார். அந்நிலையில் துணியை எடுக்கத் தவறினால், அத்தம்பியை மட்டும் பழித்தல் நீதியாகுமா? கழுவ நீரும், மாற்றத் துணியும், துடைக்க நேரமும் தருவது உரிமையாளர் கடமை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டமும் உணவுத் தொழில் நடத்துவோரையே பொறுப்பாக்குகின்றது.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர்; ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அது காபியால் நேர்ந்ததன்று. எனினும், வீட்டை விட்டு வந்து பிறர் கையால் உண்பவர், தாம் காணாத சமையற்கட்டை நம்பியே வாழ்கின்றனர் என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்திற்று.

வாடிக்கையாளராகிய நமக்கும் இதில் பங்குண்டு. கடைத் தம்பி குழாயைத் துடைக்கும்வரை பொறுத்திருப்போம். துடைக்க மறந்தால், கடிந்துரையாமல், 'ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுங்கள், தம்பி' என்று அன்புடன் நினைவூட்டுவோம். இல்லத்திலும் பில்டரின் துளைகளில் நேற்றைய மண்டி அடைத்திருக்க, இன்றைய டிக்காஷனை இறக்காதிருப்போம். நமக்குப் பின் வரிசையில் நிற்பவர் யாரென நாம் அறியோம். அவர் இரவுப் பணி முடித்த களைப்புடன் கைநீட்டும்போது, அவருக்கும் முதல் குவளையைப் போன்ற தூய காபியே கிடைக்கட்டும்.